பனாடோவில் காய்ச்சல் இறங்கிவிட்டது, திங்கள் வரை பொறுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயின் கேள்வி: 12 வயது மகனுக்குத் தொடை எலும்பில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் ஏற்றி இன்று பத்தாம் நாள். வாயெல்லாம் புண். ராத்திரி 38.4 டிகிரி அடித்தது, பனாடோ (பாராசிட்டமால்) கொடுத்ததும் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை கிளினிக் வரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது அம்மா. முதலில் வார்டுக்கு போன் செய்யுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். 500-க்குக் கீழே போய்விட்டால் புண் சரியாகச் சீழ் வைக்காது, அதிகம் சிவக்காது. கிருமி புகுந்ததற்குப் பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே அடையாளம், பனாடோ அதையும் மறைத்துவிடுகிறது. உள்ளே கிருமி பெருகிச் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியலாம். 38.3 ஒரே முறை காட்டினாலும், 38 ஒரு மணி நேரம் நீடித்தாலும் கிளம்பிவிடுங்கள். உங்கள் வார்டு வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. அக்குளில் பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ வேண்டாம், சிறு கீறல் வழியே குடல் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். மருத்துவமனை வாசலிலேயே “கீமோ பிள்ளை, காய்ச்சல்” என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மார்பில் மருந்து ஏற்றும் குழாய் (லைன்) இருந்து, அதைக் கழுவியபின் குளிர் நடுக்கம் கண்டால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் இதே அவசரம்தான்.

வாய்ப்புண்ணுக்கு, காய்ச்சி ஆறவைத்த 250 மி.லி. தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. தினமும் புதிதாகக் கலந்து, சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் கொப்பளிக்கட்டும். மென்மையான பிரஷ் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிக்கும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால் வார்டில்தான் பார்க்க வேண்டும்.

சிஸ்பிளாட்டின் வாந்தி ஐந்து நாள் வரை விட்டு விட்டு வரும். முதல் நாள் தெம்பாக இருக்கிறானே என்று வாந்தி மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், காதில் ரீங்காரம் என்றாலும் உடனே சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின் ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம், பயம் வேண்டாம்.

வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். கிராண்ட்-பா பவுடர், டிஸ்ப்ரின் இரண்டிலும் ஆஸ்பிரின் உண்டு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ரத்தம் கசியும். புரூஃபென் (ஐபுபுரூஃபென் வலி மருந்து) இன்னும் மோசம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து ஏறும் வாரத்தில் அது சிறுநீரகத்தை மந்தமாக்கி, மருந்தை உடம்பிலேயே தேக்கிவிடும். வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோலையும் கேட்காமல் தராதீர்கள்.

ஆடிக்கூழ் பிரார்த்தனைக்கு இந்த வருஷம் நீங்கள் மட்டும் போய் வாருங்கள், கூட்டமும் பொதுப்பானைக் கூழும் அவனுக்கு ஆகாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைக்குச் சின்னம்மை போட்டு, இவன் அதனோடு விளையாடியிருந்தால், வேப்பிலை கட்டிக்கொண்டு கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே வார்டுக்குச் சொல்லுங்கள். தடுப்பு இம்யூனோகுளோபுலின் ஊசியை நாலு நாளுக்குள் போட்டால்தான் நல்ல பலன்.