சயின்ஸ் புரிகிறது, எழுத வரவில்லை: மும்பைத் தமிழ் ஆசிரியர்கள், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

அறிவியல் பாடம் பற்றி வந்த கேள்விகளில் மொழி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நான் மும்பையில் மாநில வாரியப் பாடத்திட்டத்தில் அறிவியல் நடத்தும் ஆசிரியை. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் நடத்தியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மகள் ஏழாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தாள். எட்டில் ஆங்கிலவழிக்கு மாற்றினோம். தோழிகளோடு இங்கிலீஷில் நன்றாகத்தான் பேசுகிறாள். சயின்ஸில் மட்டும் பாஸ் மார்க்குக்கே இழுபறி. கவனம் போதவில்லையா? (ஒரு அம்மா, ஆண்டாப் ஹில்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. மாடிப்படியில் நின்று பேசுகிற இங்கிலீஷ் வேறு, புத்தகத்து இங்கிலீஷ் வேறு. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் பேச்சுப் பழக்கம் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். பாடம் படித்து எழுதும் அளவுக்கு மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருஷம் வரை ஆகலாம். உங்கள் மகள் இப்போதுதான் முதல் வருஷத்தில் இருக்கிறாள்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அன்றைக்கு வகுப்பில் நடந்த பாடத்தை அவளை உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு சயின்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "அப்புறம்?", "அது ஏன்?" என்று கேட்டால் போதும். தமிழில் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் விஷயம் உள்ளே போயிருக்கிறது, இங்கிலீஷ்தான் பாக்கி என்று அர்த்தம். தமிழிலேயே மாட்டிக்கொண்டால் பாடத்தையே திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒளிச்சேர்க்கை, விசை, கரைசல் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். புதுப் புத்தகத்தில் அதே பாடம் வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிக்கட்டும்.

சிலபஸ் முடிக்கவே நேரம் போதவில்லை. மொழியைக் கவனிப்பது மொழி டீச்சர் வேலை இல்லையா? (எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர், செம்பூர்)

'ஏனெனில்' சொல்லத் தெரியாத பிள்ளைக்கு சயின்ஸ் எழுத முடியாது சார். காரணம், விளைவு, வேறுபாடு, முடிவு இதெல்லாம் மொழி வகுப்பில் கதையோடும் கவிதையோடும் வருகிற மொழி இல்லை. நம் வகுப்பில்தான் தினமும் வேண்டியிருக்கிறது, அதனால் நாம்தான் சொல்லித்தர வேண்டும். இது புதுசாகக் கிளம்பிய பேச்சும் இல்லை. உங்கள் செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, மான்குர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974-ல் தொடங்கியது. அங்கே இருந்த வி. ஜி. குல்கர்ணியும் வி. ஜி. கம்பீரும் மொழித்தடை அறிவியல் கல்வியை எப்படிப் பாதிக்கிறது என்று 1981-லேயே எழுதிவிட்டார்கள்.

நேரம் என்பது உண்மையான பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாடத்தை மூன்று தடவை டிக்டேட் செய்கிற நேரத்தில் ஒரு தடவை பேசவிடலாம்.

பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே பதில் சொல்கிறார்கள். "காஞ்சிருச்சு", "உருகிப்போச்சு" என்று. அந்த இடத்திலேயே திருத்த வேண்டுமா? (தமிழ்வழி ஆசிரியை, தாராவி)

பேசும்போது திருத்தாதீர்கள் டீச்சர். வாயைத் திறந்த பிள்ளை மூடிக்கொள்ளும். தமிழ்வழிதானே, மொழி சிக்கல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பேச்சும் நடுவில் ஹிந்தியும் கலந்து பேசுகிற வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத் தமிழும் கிட்டத்தட்ட இன்னொரு மொழிதான்.

ஜூலையில் ஆவியாதல் பாடம் வந்தால் நமக்கு அதைவிட வசதி இல்லை. அறைக்குள் கயிறு கட்டி, ஃபேனுக்குக் கீழே துணி காயப்போடாத வீடு உங்கள் பகுதியில் எத்தனை இருக்கும்? ஒரே அளவில் மூன்று கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து, ஒன்றை மடித்தபடி வையுங்கள். ஒன்றை விரித்துப் போடுங்கள். மூன்றாவதை விரித்து ஃபேனுக்கு நேராக வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று "இது காஞ்சிருச்சு, அது இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்று பேசுவார்கள். பேசட்டும்.

அடுத்து, பார்க்காத ஒரு குழுவுக்கு விளக்கச் சொல்லுங்கள். இப்போது 'இது', 'அது' செல்லாது. கைக்குட்டை கண் முன்னால் இல்லையே. "விரிச்சுப் போட்ட துணி மடிச்ச துணிய விட சீக்கிரம் காஞ்சிருச்சு" என்று முழுசாகச் சொல்லியாக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தாமலே வாக்கியம் நீளுகிறது. நீங்கள் அதையே திருப்பிச் சொல்லும்போது, "ஆமாம், விரித்த துணியில் ஆவியாதல் வேகமாக நடந்திருக்கிறது" என்று அந்தச் சொல்லை முதல் தடவையாக நடுவில் வையுங்கள். கடைசியில் நோட்டில் எழுதும்போது "பரப்பு அதிகமானால் ஆவியாதல் வேகமாக நடக்கும்" என்று வந்துவிடும். எழுதும்போது மட்டும் புத்தகத் தமிழ் வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள்.

அன்றைக்கே இன்னொரு கேள்வியையும் போடலாம்: மழைக்காலத்தில் துணி ஏன் காய மாட்டேன் என்கிறது? முதல் பதில் "மழ பெய்யுதுல்லா டீச்சர், அதான்". வீட்டுக்குள்ளேதானே போட்டிருக்கிறோம், மழை அங்கே பெய்யவில்லையே என்று மடக்குங்கள். கொஞ்சம் சண்டை நடக்கும். காற்றிலேயே ஏற்கெனவே நிறைய நீராவி இருக்கிறது என்ற இடத்துக்கு யாராவது ஒருவர் வந்து சேர்வார். வராவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், தப்பில்லை.

'அறிவியல் காரணம் தருக' வகைக் கேள்விகளில் என் பிள்ளைகளுக்கு எப்போதும் பாதி மார்க்தான். பதில் தெரிகிறது, எழுதத் தெரியவில்லை. (ட்யூஷன் எடுப்பவர், சயான் கோலிவாடா)

பத்தாம் வகுப்பு வரை துரத்துகிற கேள்வி அது. ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம்: இரும்புக் கதவுக்கு பெயிண்ட் அடிக்கிறோம், காரணம் தருக. பிள்ளை எழுதுவது, "துரு பிடிக்காமல் இருக்க". தப்பே இல்லை. ஆனால் அது முடிவு மட்டும்தான், நடுவில் இருக்கிற காரணம் தாளில் இல்லை.

நான் மூன்று படி வைத்திருக்கிறேன். முதல் படி, என்ன விதி: இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் வேண்டும். இரண்டாவது, இங்கே என்ன நடக்கிறது: பெயிண்ட் இரும்பின் மேல் ஒரு படலமாக நின்று, காற்றும் ஈரமும் அதைத் தொடாமல் தடுக்கிறது. மூன்றாவது, ஆகவே: ஆகவே கதவு துருப்பிடிப்பதில்லை. ஆங்கிலவழிப் பிள்ளை என்றால் மூன்றாவது வாக்கியம் 'ஹென்ஸ்' என்று தொடங்கட்டும்.

ஆரம்பத்தில் வாக்கியத்தின் தலையை மட்டும் போர்டில் எழுதி மிச்சத்தை அவர்களிடம் விடுங்கள்: "இரும்பு துருப்பிடிக்க...", "பெயிண்ட் அடித்தால்...", "ஆகவே...". சில வாரம் கழித்து அதையும் அழித்துவிடுங்கள். நிறைய பேர் அழிக்க மறந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அந்தத் தலை இல்லாமல் எழுதவே மாட்டார்கள். இன்னொன்றும் செய்யலாம். பாதி மார்க் வாங்கின பதில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, "எந்தப் படி விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். அடுத்தவர் பதிலில் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற உற்சாகம் நமக்குத் தெரிந்ததுதானே.

பாடம் தொடங்கும் முன் முப்பது கடினச் சொற்களை அர்த்தத்தோடு எழுதிப் போடுகிறேன். சரியான முறைதானா? (ஆசிரியை, முலுண்ட்)

பாதியாகக் குறையுங்கள், இன்னும் குறைத்தாலும் நல்லது. சோதனையைப் பார்த்த பிறகு சொல்லைக் கொடுத்தால் ஒட்டும், முன்னால் கொடுத்தால் மனப்பாடம்தான். உங்கள் பட்டியலில் 'போட்டோசிந்தசிஸ்' நிச்சயம் இருக்கும். 'வேர்ஆஸ்', 'எக்ஸெப்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி' இருக்கின்றனவா? பெரிய சொல்லைப் பிள்ளை பயந்துபோய்ப் படித்துவிடும். கேள்வித்தாளில் வழுக்குவது இந்தச் சின்னச் சொற்களில்தான். 'வொர்க்' மாதிரி தெரிந்த முகத்தோடு வருகிற சொற்களையும் சேருங்கள். தாதர் ஸ்டேஷனில் தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்கிற போர்ட்டர் இயற்பியல் கணக்குப்படி வேலையே செய்யவில்லை என்று சொன்னால், வகுப்பு முழுக்க உங்களோடு சண்டைக்கு வரும். அந்தச் சண்டையில் பாடம் நடந்துவிடும்.

நான் தமிழும் இங்கிலீஷும்தான் அறிவேன். என் ஆங்கிலவழி வகுப்பில் மராத்தி, ஹிந்தி, குஜராத்தி, தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரவர் மொழியில் பேசவிட்டால் எனக்கே புரியாதே? (புது ஆசிரியை, காட்கோபர்)

எல்லாமே உங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? குழுவாக யோசிக்கும்போது எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். வகுப்புக்குச் சொல்லும்போது இங்கிலீஷில் சொல்லட்டும், அது உங்களுக்குப் புரிந்தால் போதும். ஒரே மொழிக்காரர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைப்பது யோசிக்கும் கட்டத்துக்கு மட்டும் நல்லது, வருஷம் முழுக்க அப்படியே விட்டால் வகுப்பு நாலு தீவாகிவிடும்.

படம் வரையச் சொல்லுங்கள், அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மின்சுற்றுக்கு எந்த மொழியும் வேண்டாம், பேட்டரி, பல்பு, ஸ்விட்ச் எல்லா வீட்டிலும் அதே பெயர்தான்.

வீட்டில் பையனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடுவான், இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். (ஒரு அப்பா, பாண்டுப்)

குழம்ப மாட்டான். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையே, முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை, எட்டு வரை என்றால் இன்னும் நல்லது, வீட்டு மொழியில் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. அறிவியலுக்கும் கணக்குக்கும் இருமொழிப் புத்தகங்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் எவ்வளவு வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். உங்களுக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் அரைகுறையாக விளக்குவதைவிட, லோக்கல் ட்ரெயின் சட்டென்று பிரேக் போடும்போது நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று தமிழில் வாயாரப் பேசுங்கள். 'இனர்ஷியா' என்ற சொல்லை டீச்சர் போர்டில் எழுதும் நாளில், அதை மாட்ட அவனிடம் ஒரு ஆணி தயாராக இருக்கும்.

கேள்வி கேட்டால் நாலு பேர் மட்டும் கை தூக்குகிறார்கள். (பல ஆசிரியர்கள்)

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தமிழில் யோசித்து இங்கிலீஷில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்றும் போதாது. மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லச் சொல்லி, அதற்கப்புறம் கை தூக்கச் சொல்லுங்கள்.

சயின்ஸ் பேப்பரில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கலாமா?

வகுப்புத் தேர்வில் நான் குறைப்பதில்லை, வட்டம் மட்டும் போடுவேன். ஆனால் 'நைட்ரேட்', 'நைட்ரைட்' போல ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் இடத்தில் விடமாட்டேன்.

ஒன்பதாவது படிக்கிறேன், இங்கிலீஷ் மீடியம். டெஃபனிஷன் எல்லாம் மனப்பாடம் செய்கிறேன், அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது மிஸ்? (மாணவர், தாராவி)

தம்பி, டெஃபனிஷன் என்பது நாலு வாக்கியத்தை அமுக்கி ஒரே வரியாக்கினது. நீ அதைத் திரும்பப் பிரி. முடுக்கம் என்றால் 'திசைவேகம் மாறும் வீதம்' என்று இருக்கிறதா? பைக் நின்றுகொண்டிருந்தது. கிளம்பியது. ஒவ்வொரு நொடியும் வேகம் ஏறியது. ஒரு நொடிக்கு எவ்வளவு ஏறியது என்பதுதான் இங்கே முடுக்கம். இப்படித் தமிழிலோ ஹிந்தியிலோ உனக்கு வருகிற மொழியில் நோட்டின் இடது பக்கம் எழுது. வலது பக்கம் புத்தகத்து வரி. மறுநாள் வலது பக்கத்தை மூடிவிட்டு, இடது பக்கத்தைப் பார்த்து இங்கிலீஷில் நீயே எழுதிப் பார். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வராது, வரவும் வேண்டாம். 'ரேட்' என்ற சொல் மட்டும் விட்டுப்போகக் கூடாது, மார்க் அதில்தான் இருக்கிறது.