பம்பை மாற்றுவதற்கு முன்: ஃபியூல் பம்ப் மின்பழுது பற்றிய கேள்வி பதில்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வாகன மின்பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூல் பம்ப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். "பம்ப் போய்விட்டது" என்று வரும் வண்டிகளில் பலவற்றில் பம்ப் நன்றாகவே இருக்கிறது. மின்சாரம்தான் அதை ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. அளந்து பார்க்காமல் பம்பை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்தப் பிடிவாதம் கீழே உள்ள பதில்களில் தெரியும்.

வேளச்சேரியிலிருந்து: ஐயா, என் பெட்ரோல் கார் பத்து வருடப் பழையது. இன்று காலை செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் வந்த ஐந்தாவது நிமிடமே பம்பை மாற்றச் சொல்லிவிட்டார். நம்பலாமா?

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

வீட்டில் ஒருவரைச் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்சீட்டின் மேல் காதை வையுங்கள்; பல கார்களில் பம்ப் அதன் அடியில், டேங்குக்குள் இருக்கும். பம்ப் இரண்டு மூன்று விநாடி சன்னமாக முனகிவிட்டு நிற்க வேண்டும். தெருவில் சத்தம் அதிகம் என்றால் இரவில் கேளுங்கள். முனகல் கேட்டால் பம்புக்கு மின்சாரம் வருகிறது. அழுத்தத்தை அளப்பதுதான் அடுத்த வேலை. சத்தமே இல்லையென்றால் மின்பக்கம் போக வேண்டும்.

முதலில் ஃபியூஸ். பிறகு ரிலே, அதாவது சிறு கட்டளை மின்சாரத்தால் பம்பின் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். பல கார்களில் ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே வகை ரிலே இருக்கும். மேலே உள்ள எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றுதானா என்று பார்த்து இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பம்ப் ஓடி ஹாரன் அடிக்காமல் போனால் உங்கள் செலவு ஒரு ரிலேயோடு முடிந்தது. இவ்வளவு பார்த்தும் சத்தம் வராவிட்டால்தான் பின்சீட்டைத் தூக்க வேண்டும்.

அதே வாசகர்: ரிலே நன்றாக இருக்கிறது. பம்பில் ஒயர் வந்து மாட்டும் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.3 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் பம்ப்தானே போயிருக்கிறது?

இன்னும் சொல்ல முடியாது. பட்டறைகளில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மல்டிமீட்டர் ஒயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. பம்ப் கேட்பதோ ஐந்து ஆம்பியர் அளவில். ஒயருக்குள் செம்பு இழைகள் எல்லாம் அற்றுப்போய் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டிவிடும். மூடியிருக்கும் குழாயில் அழுத்தம் சரியாகத்தான் இருக்கும். திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். மின்சாரமும் அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்ளர் கால் ஒன்றில் துரு ஏறி, அங்கே 0.6 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இடத்திலேயே 3 வோல்ட் காணாமல் போகும். 12 கேட்கும் பம்புக்கு 9 கிடைத்தால் அது மெதுவாகச் சுற்றும், அழுத்தம் குறையும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது. கப்ளரைக் கழற்றி அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

ஆகவே பாரம் கொடுத்து அளக்க வேண்டும். எளிய வழி, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்து, பம்ப் கப்ளரின் பிளஸ்ஸிலும் எர்த்திலும் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் ஒயர்) வைப்பது. சாவி போட்டதும் அந்த இரண்டு மூன்று விநாடி பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ பழுது ஒயரில். டேங்க் மூடி திறந்திருக்கும்போது மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் வலுவில்லை என்றால் கப்ளரை மாட்டிய நிலையிலேயே அளக்கலாம். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பம்ப் கப்ளரின் பிளஸ் ஒயரில். பம்ப் ஓடும்போது வாசிப்பு அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. பிறகு பேட்டரி மைனஸுக்கும் பம்பின் எர்த் ஒயருக்கும் இடையே அளக்க வேண்டும், அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் பிளஸ் ஒயரைவிட எர்த்தில்தான் பழுது அதிகம்.

கப்ளர் மாட்டியிருக்கும்போதே அதன் இரண்டு ஒயர்களுக்கும் நடுவே முழு 12 வோல்ட் நின்று, பம்ப் அசையாமல் கிடந்தால், அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. தயங்காமல் மாற்றுங்கள்.

போரூரிலிருந்து: அண்ணா, என் பைக் பிஎஸ்-6 மாடல். கீழே விழுந்து தூக்கி நிறுத்தியதிலிருந்து சாவி போட்டால் பம்ப் சத்தம் வருவதில்லை.

தம்பி, முதலில் கைப்பிடியில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள். விழும்போது கை பட்டு மாறியிருக்கும். அடுத்து, பல பைக்குகளில் சாய்வு சென்சார் ஒன்று உண்டு. வண்டி படுத்துவிட்டால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்காமலிருக்க அது பம்பை நிறுத்திவிடும். வண்டியை நேராக நிறுத்தி, சாவியை முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலும் இத்தோடு சரியாகிவிடும். பழைய ஃபோர்டு கார்கள் சிலவற்றிலும் மோதினால் பம்பை அணைக்கும் சுவிட்ச் இருந்தது. அதைக் கையால் அமுக்கித்தான் மீட்க வேண்டும். எதை மீட்டாலும், பெட்ரோல் வாசனை வருகிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீட்டெடுங்கள்.

தாம்பரத்திலிருந்து, கால் டாக்ஸி ஓட்டுநர்: மத்தியானம் ஒரு மணி நேரம் ஓடினால் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வண்டி நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் கிளம்புகிறது. பட்டறைக்குப் போனால் எந்தக் குறையும் தெரிவதில்லை.

சவாரியோடு நடுச்சாலையில் நிற்பது எத்தனை சங்கடம் என்பது தெரியும். சூட்டில் மட்டும் வரும் பழுதை ஆறிய வண்டியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வண்டி நிற்கும் அந்த நேரத்திலேயே சாட்சி வேண்டும்.

ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் ஒயரில் சிறு ஃபியூஸோடு ஒரு கிளை எடுத்து, டாஷ்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை நின்றதும், ஓரங்கட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே அந்தப் பல்பைப் பாருங்கள். செல்ஃப் அடிக்காமல் பார்த்துப் பயனில்லை. இன்ஜின் சுற்றாவிட்டால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சில விநாடியில் தானே பம்பை அணைத்துவிடும். பல்பு எரிந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பம்பிலோ, அதற்குப் போகும் மிச்ச ஒயரிலோ, எர்த்திலோ சந்தேகம். எரியவில்லை என்றால் ரிலே, அதற்கு வரும் மின்சாரம், இசியு கொடுக்கும் கட்டளை இவற்றில் ஒன்று.

அதே நேரத்தில் ஆர்.பி.எம். முள்ளையும் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது அது கொஞ்சமும் அசையவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் என் சந்தேகம் போகும். சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்பெறும் பொருள் அது. இன்ஜின் சுற்றும் தகவல் வராவிட்டால் இசியு பம்பை ஓடவிடாது. இந்தக் குறைக்குப் பம்பை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இன்னும் இரண்டு விஷயம். கடன் கொடுத்தவர் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருக்கிறாரா? சில கருவிகள் பம்ப் ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரிலேயை வைத்திருக்கும். வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்புமாகப் போட்ட அந்த இணைப்பு சூட்டில் இளகும். முதலில் அதைத் தேடுங்கள். அடுத்தது, எப்போதும் ரிசர்வில் ஓட்டாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். கத்திரி வெயிலில், அடிமட்ட பெட்ரோலில், நாள் முழுவதும் ஓடும் பம்ப் சீக்கிரம் தேயும்.

இன்னொருவர்: வண்டி நின்றபோது டேங்கின் அடியில் தட்டினால் கிளம்புகிறது. ஏன்?

பம்ப் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டும்போது நகர்ந்து தொட்டுக்கொள்கிறது. மின்சாரம் முழுதாக வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு பம்பை மாற்றுங்கள். தட்டித் தட்டி வெகுநாள் ஓட்ட முடியாது.

முடிச்சூரிலிருந்து: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் காருக்குள் சீட் வரை தண்ணீர். அப்போது சரிசெய்து ஓட்டினோம். இப்போது அவ்வப்போது வண்டி திணறுகிறது. இவ்வளவு காலம் கழித்தும் வெள்ளம் காரணமாக இருக்குமா?

இருக்கும், சகோதரி. தண்ணீர் வடிந்த அன்று துரு தொடங்குகிறது, அவ்வளவுதான். ஒயரின் உறைக்குள் ஏறிய ஈரம் செம்பைப் பச்சைப் பொடியாக மெல்ல அரித்துக்கொண்டே போகும். 2015 வெள்ளத்தில் நனைந்த கார்களும் வெகுகாலம் கழித்து இப்படித்தான் பட்டறைக்கு வந்தன.

மூன்று இடங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: பின்சீட்டுக்கு அடியில் உள்ள பம்ப் கப்ளர், கதவுப் படியின் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஓடும் ஒயர்க்கட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில் பாடியோடு போல்ட் போட்டிருக்கும் எர்த் புள்ளி. எர்த்தைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். பச்சை பிடித்த ஒயருக்கு ஸ்ப்ரே அடித்தால் சில வாரம் ஓடும். நல்ல செம்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழலை நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும், உள்ளே பசை உள்ள குழாய் போடுவதுதான் வேலை. பெசன்ட் நகர், எண்ணூர் போலக் கடலோரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு வெள்ளமே தேவையில்லை. உப்புக்காற்றே இதைச் செய்துவிடும்.

கொளத்தூரிலிருந்து: பம்பின் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. தெரிந்தவர் 30 போட்டுக் கொடுத்தார். பரவாயில்லையா?

இன்றே கழற்றுங்கள். 15 ஆம்பியருக்கு ஏற்றபடி போட்ட ஒயரை 30 ஆம்பியர் ஃபியூஸ் காக்காது. ஃபியூஸ் போகாமல் ஒயர் எரியும். அது பெட்ரோல் டேங்கை நோக்கிப் போகும் ஒயர். தெரிந்தவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், ஆனாலும் இது ஆபத்து.

பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டு 15 போடுங்கள். அப்போதும் போனால் ஷார்ட் ஒயரில் இருக்கிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்து, ஒயர்க்கட்டை அடி அடியாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பம்ப் கழற்றியிருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். எந்த இடத்தை அசைக்கும்போது அது அணைகிறதோ அங்கே தேடுங்கள். எலி கடித்த ஒயரும், சீட் கவரோ தரை விரிப்போ போட்டபோது ஒயர்க்கட்டின் நடுவே இறங்கிய திருகும் நான் அடிக்கடி காணும் காரணங்கள்.

ரிலேயை எடுத்துவிட்டு, பம்பின் மின்சாரம் உள்ளே வரும், வெளியே போகும் 30, 87 கால்களின் இடம் இரண்டையும் ஒயரால் இணைத்து ஓட்டலாமா? வண்டி நன்றாக ஓடுகிறதே.

சோதனைக்குச் செய்யலாம், ஃபியூஸ் உள்ள ஒயரால், சில நிமிடம் மட்டும். அப்படி இணைத்ததும் பம்ப் ஓடினால் ரிலேயோ, அதன் 85, 86 கால்களுக்கு வரும் கட்டளையோ பழுது என்று தெரிந்துவிடும். ஆனால் அப்படியே ஓட்டுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். வண்டி மோதி இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நேரடி இணைப்பில், உடைந்த குழாய் வழியே பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கிண்டியிலிருந்து, பொறியியல் மாணவர்: பம்ப் எடுக்கும் மின்னோட்டத்தை வைத்துப் பழுதைச் சொல்ல முடியுமா?

முடியும். நல்ல கேள்வி, தம்பி. சாதாரணக் கார் பம்ப் நான்கிலிருந்து ஏழு ஆம்பியர் வரை எடுக்கும். அதைவிட அதிகம் என்றால் அடைத்த ஃபில்டரோ, இறுகிப்போன மோட்டாரோ. மிகக் குறைவு என்றால் வழியில் தடை இருக்கிறது, அல்லது பம்ப் பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது. மின்னோட்டத்தை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கிடைத்தால் இன்னும் அழகு: பிரஷ் தொடும் கம்யூட்டேட்டரின் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மேடு தெரியும். எட்டுப் பட்டை உள்ள மோட்டாரில் எட்டில் ஒன்று மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளமாக வந்தால் அந்தப் பட்டை போய்விட்டது. ரிச்சி தெருவில், ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பல ஏ.சி. மட்டுமே அளக்கும்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிறகு நாள் முழுவதும் சரி.

சாவியை ஆன் செய்து, அணைத்து, மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் இரவில் அழுத்தம் வடிந்துபோகிறது. பம்பின் ஒருவழி வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். அது மின்பழுது அல்ல.

சிஎன்ஜி கிட் பொருத்தியபின் பெட்ரோலில் பம்ப் ஓடுவதில்லை.

கிட் பொருத்தியவர்கள் பம்ப் ஒயரில் கைவைத்தார்களா என்று பாருங்கள். கேஸில் ஓடும்போது பம்பை நிறுத்த ஒரு ரிலே போட்டிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். ரிலே போடாமல் விட்டிருந்தால், காலி டேங்கில் பம்ப் ஓடி ஓடி எரிந்திருக்கும். கேஸில் ஓட்டினாலும் கால் டேங்க் பெட்ரோல் வைத்திருங்கள்.

புதிய சொகுசுக் காரில் பம்ப் ஓடும்போதே 7 வோல்ட்தான் காட்டுகிறது. ஒயர் பழுதா?

அவசரப்படாதீர்கள். இத்தகைய கார்களில் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும். மீட்டர் காட்டுவது சராசரி. அதன் வெளிவரும் ஒயர்களில் பல்பு வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். கருவிக்குள் நுழையும் மின்சாரத்தையும் எர்த்தையும் அளந்துவிட்டு, ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

புதுப்பேட்டையில் பழைய பம்ப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பம்பை வாங்காதீர்கள். எவ்வளவு நாள் காய்ந்து கிடந்தது, பிரஷ் எவ்வளவு தேய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் உங்கள் கப்ளர் கருகியிருந்தால், அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு முழம் ஒயரோடு வெட்டிய ஒரிஜினல் கப்ளர் அங்கே கிடைக்கும். கால்கள் பளிச்சென்று இருக்கின்றனவா, மாட்டினால் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயரின் நுனியை அரை அங்குலம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். செம்பு கறுத்திருந்தால் அடுத்ததைக் கேளுங்கள்.