‘கலா’ அல்பம்: சீட்டில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடியில் பதினெட்டுப் பேர் கூடி, பிரித்தானியத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.யின் ‘கலா’வை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டோம். 2007இல் வந்த அல்பம். சிலர் எழுந்து ஆடினார்கள், சிலர் பாதியில் தேநீர் குடிக்கப் போனார்கள். முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் கதைக்க முடியவில்லை. கேள்விகளைச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். கட்டுக் கட்டாக வந்திருக்கிறது. பதிலைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதியவர்களின் சீட்டும் இதில் உண்டு. பெயர் போடவில்லை, ஊர் மட்டும் போடுகிறேன். இருபது வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடந்தவன் நான். அதனால் சத்தம் பற்றிய கேள்விக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குக் கட்டையாகவும் பதில் வரும்.

தெஹிவளை: எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. வீட்டுக்குப் போய் போனில் மறுபடி போட்டேன், இன்னும் மோசம். இதில் அப்படி என்ன இருக்கிறது?

தங்கச்சி, வியாதியையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். போன்.

இந்த அல்பத்தின் உயிர் உறுமியில் இருக்கிறது. உறுமி உடுக்கை மாதிரி இடை சிறுத்த, இரண்டு முகமுள்ள மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் ‘ஊம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற சத்தம் எழும்பி இறங்கும். போன் ஸ்பீக்கருக்கு 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே வராது. அவ்வளவு சின்னத் தகட்டால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. ஆகவே உங்களுக்குக் கேட்டது குச்சி அடிக்கும் ‘டக் டக்’ மட்டும். உறுமல் போய்விட்டது. உறுமல் இல்லாத உறுமி இரைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். மேளக்காரர்கள் பலர் ஒன்றாக அடிக்கும்போது அடி நூல் பிடித்தது போல ஒரே நேரத்தில் விழாது. ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் பிந்துவார். அதைக் கணினியில் நேராக்கிச் சீர் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த நெருக்கம் உடனே விளங்கும். பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வெறுங்கள்.

வத்தளை: ‘கலா’ என்றால் கலை என்ற அர்த்தமா?

இல்லை, அவருடைய அம்மாவின் பெயர். 2005இல் வந்த முதல் அல்பம் ‘அருளர்’ அப்பாவின் பெயர். நாலு சீட்டில் ‘அவர் அப்பா புலிதானே’ என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அருளர் ஈரோஸ் என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டும் வேறு வேறு.

பம்பலப்பிட்டி: ஒரே அல்பத்தை ஏன் இத்தனை நாட்டில் பதிவு செய்தார்? பகட்டா?

விசா. அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற இசைத் தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்வதாக இருந்தது. நீண்டகால வேலை விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று போய்ப் பதிவு செய்தார். விசாவுக்காக வரிசையில் நின்ற கொழும்புக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் டிம்பலாண்டோடு செய்த பாட்டும் அல்பத்தின் முடிவில் வருகிறது. என் காதுக்கு அதுதான் அல்பத்திலேயே சோர்ந்த பாட்டு. விசா கிடைத்திருந்தால் முழு அல்பமும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தெமட்டகொடை: ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் வெடிச்சத்தம் எதற்கு? பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட முடியவில்லை.

பல்லவியில் துப்பாக்கிச் சத்தம், உடனே காசுப்பெட்டி திறக்கும் சத்தம். குடியேறி வந்தவனைக் கண்டாலே ‘நம் காசைப் பிடுங்க வந்துவிட்டான்’ என்று நினைக்கிறவர்களின் பயத்தை அவர்கள் வாயாலேயே பாடிக் கேலி செய்கிறார். எம்டிவியும் அந்தச் சத்தத்தை மாற்றித்தான் ஒளிபரப்பியது. இந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது கேலியாகக் கேட்காது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஜிந்துப்பிட்டி: இளையராஜாவைத் திருடி வெள்ளைக்காரனிடம் கைதட்டு வாங்கியிருக்கிறார். இதை எப்படி நீங்கள் ரசிக்கிறீர்கள்?

ஐயா, உங்கள் சீட்டு இரண்டு பக்கம். பதிலும் கொஞ்சம் நீளும்.

முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் வருவது 1991இல் வந்த ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு. உங்கள் காது சரி. ஆனால் திருட்டு என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அல்பத்தில் அந்தத் துண்டுக்கு இளையராஜாவின் பெயர் இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ படப் பாட்டு ஒன்றின் பகுதிக்கு ஆர். பி. பட்நாயக்கின் பெயர் இருக்கிறது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ த கிளாஷ் என்ற ஆங்கில ரொக் குழு 1982இல் செய்த ஒரு பாட்டின் மேல் நிற்கிறது. அந்தக் குழுவினர் பாட்டை எழுதியவர்களாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டு 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. எழுதியவராகப் பெயர் இருந்தால் அதில் பங்கு உண்டு.

இங்கே இரண்டு உரிமை இருக்கிறது, எல்லோரும் குழப்புவது இதைத்தான். மெட்டு ஒரு உரிமை, பதிவு இன்னொரு உரிமை. பழைய பதிவை வெட்டி ஒட்டினால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நீங்களே மறுபடி பாடிப் பதிந்தால் மெட்டுக்கு மட்டும் போதும். இதே அல்பத்தில் ‘ஜிம்மி’ இரண்டாவது வகை: 1982இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துக்குப் பப்பி லஹிரி போட்ட மெட்டை எடுத்துத் தானே பாடியிருக்கிறார்.

பெயர் போடாமல் எடுப்பதுதான் திருட்டு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு ஒரு பழைய பாட்டின் வயலின் துண்டை வெட்டி ஒட்டியவனே நான்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த விளம்பரம் ஓடிய காலம் முழுக்க வானொலியைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

ரசனை வேறு விஷயம். அந்தத் துண்டை அவர் சுழற்றிச் சுழற்றிப் போடுகிறார், பாட்டு எங்கும் நகராமல் ஓடுகிறது. ராஜா சார் பாட்டு அப்படி நிற்காது, எட்டு வரிக்குள் மூன்று இடம் போய்வரும். அதைக் குறை என்று சொல்லுங்கள், நானும் தலையாட்டுகிறேன்.

மருதானை: அந்த வெடிச்சத்தம் ஏன் சார்?

மேலே.

கொட்டாஞ்சேனை: அல்பத்தில் ‘பாய்ஸ்’ பாட்டு சுத்தமான பைலா. சிலோன் மனோகர் காலத்திலேயே நாங்கள் ஆடியது. இதில் புதிதாக என்ன?

அண்ணா, பைலா இல்லை. பைலா நம் இலங்கை ஆட்டப்பாட்டு, அதன் தாளம் ஆறுக்கு எட்டு, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. போர்த்துக்கேயர் காலத்துக் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வழியாக வந்த துள்ளல். மிருதங்கச் சொல்லில் ‘தகிட தகிட’. ‘பாய்ஸ்’ நாலு நாலாக நேராகப் போகிறது, ‘தகதிமி தகதிமி’. கையைத் தட்டிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை (மறுபடி): தட்டிப் பார்த்தேன். பைலாதான்.

எதில் போட்டுத் தட்டினீர்கள்? போனிலா? அடித்தளம் கேட்காவிட்டால் எண்ணிக்கை தப்பும் என்று முதலிலேயே சொன்னேன்.

முகத்துவாரம்: நான் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவள். இருவரும் சண்டை பிடிக்க வேண்டாம். நடை சதுஸ்ரம்தான், நாலு நாலாகத்தான் போகிறது, ஆனால் மேளக்காரர் இடையில் மூன்று மூன்றாக அடி விழுத்துகிறார்கள். அந்த அண்ணாவின் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது.

அக்கா, இதை வாசித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு எழுந்து மறுபடி போட்டேன். நீங்கள் சொல்வது சரி. நாலின் மேல் மூன்று உட்கார்ந்திருக்கிறது. நான் அடித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேலே நடப்பதை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று: கட்டிடம் நாலில் நிற்கிறது. மேலே மூன்று விழுந்ததற்காக அதைப் பைலா என்று சொல்ல மாட்டேன்.

கொட்டாஞ்சேனை (மூன்றாம் முறை): அக்காவே சொல்லிவிட்டா, பைலா.

அக்கா அப்படிச் சொல்லவில்லை!

கிருலப்பனை: எனக்கும் பைலா மாதிரிதான் இருந்தது. நித்தி கனகரட்னம் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதுதான் காரணம். எழுபதுகளின் பொப் பாட்டு நம் காலுக்குள் ஏறிவிட்டது. எந்தத் துள்ளலைக் கேட்டாலும் அதற்குள் இழுத்துவிடுகிறோம். இந்த விஷயமாக மட்டும் இன்னும் ஆறு சீட்டு இருக்கிறது. வாசித்துவிட்டேன், பதில் எழுத மாட்டேன்.

வெள்ளவத்தை: ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை இதை 2007இன் முதல் அல்பமாகத் தெரிந்தெடுத்ததாமே. நாங்கள் ஏன் அப்போது கவனிக்கவில்லை?

தெரிந்தெடுத்தது உண்மை. 2007இல் கொழும்பு இருந்த இருப்பில் யாருக்குப் பாட்டுக் கேட்கும் மனம்? அப்புறம் இன்னொன்று, உறுமி அவர்களுக்குப் புதிது, நமக்குப் பழசு. பழசை யாராவது உரக்க வைத்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

நாரஹேன்பிட்டி: அவருடைய அரசியல் பற்றி உங்கள் கருத்து?

நான் ஒலிப்பதிவாளர்.

கொள்ளுப்பிட்டி: துப்பாக்கிச் சத்தம் எதற்கு என்று யாராவது...

தம்பி, மேலே.

தெஹிவளை (முதல் கேட்ட தங்கச்சி): அண்ணாவின் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். உறுமி கேட்டது. இன்னும் பிடிக்கவில்லை.

மிக்க நன்றி. இதுவரை வந்த சீட்டுகளில் இதுதான் எனக்குப் பிடித்தது.

கொட்டாஞ்சேனை: ???

ஞாயிறு வாருங்கள் அண்ணா. நான் தட்டுகிறேன், நீங்கள் எண்ணுங்கள். முகத்துவாரத்து அக்கா நடுவர். ஸ்பீக்கர் நான் கொண்டுவருகிறேன், உங்கள் போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.