அரிவாளை எடுக்காதது தவறா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். போன மாதம் இரவு 2 மணிக்கு வீடு புகுந்த ஒருவன் என் மனைவியின் கழுத்தில் கத்தியை வைத்தான். கட்டிலுக்கு அடியில் அரிவாள் இருந்தும் நான் எடுக்கவில்லை. தாலிச்சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். அவன் தெருவில் இறங்கி ஓடியபோது, அந்த அரிவாளோடு துரத்தப்போன மகனையும் பிடித்து நிறுத்திவிட்டேன். தன்னுயிரே போனாலும் இன்னோர் உயிரைப் போக்காதே என்ற குறளை 30 வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். மகன் என்னைக் கோழை என்கிறான். பிடிபட்டவன் இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். "அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான் மகன். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: ஐயா, இதை உங்கள் மகனும் படிக்கட்டும்.

கத்தி கழுத்தில் இருந்த அந்த நிமிடத்தில் நீங்கள் வெட்டி, அவன் செத்தே போயிருந்தாலும் அது கொலைக்குற்றம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 35வது பிரிவு அடுத்தவர் உடலைக் காக்கவும் உரிமை தருகிறது. உயிர் போகும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தாக்குபவனைக் கொல்லும் அளவுக்கும் அது நீளும் என்கிறது 38வது பிரிவு. பழைய இ.பி.கோ. 97, 100தான், 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. அந்தப் பதற்றத்தில் விழுந்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

சரி, வெட்டாதது தவறா? இல்லவே இல்லை. சட்டம் தருவது உரிமை. நீங்கள் வெட்டியே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. கழுத்தில் கத்தி அழுந்தும்போது அரிவாளுக்குக் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நகையைக் கொடுத்து மனைவியை மீட்டீர்கள். ஆனால் ஒன்று, உங்களுக்குத் தெரியாததல்ல: அந்தக் குறள் 'தன்னுயிர்' என்றுதான் தொடங்குகிறது. நம் உயிரை நாம் விட்டுக்கொடுக்கலாம். மனைவியின் உயிரை நம் கொள்கைக்காக விட்டுக்கொடுக்க முடியுமா? சங்கிலி கைக்கு வந்த பிறகும் அவன் கத்தியைக் கழுத்தில் பாய்ச்ச முனைந்திருந்தால், நீங்கள் அரிவாளை எடுப்பதில் எந்தப் பாவமும் இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

தெருவில் நடந்தது வேறு. ஆபத்து விலகியதும் கொல்லும் உரிமையும் போய்விடுகிறது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், நிலத் தகராறில் வந்த கூட்டம் சிதறி ஓடிய பிறகு சுட்டதை உச்ச நீதிமன்றம் தற்காப்பாக ஏற்கவில்லை. துரத்திப் பிடிக்கலாம், பிடித்து 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ஓடுகிறவன் முதுகில் வெட்டியிருந்தால் உங்கள் மகன்தான் குற்றவாளி. அவன் கையை நீங்கள் பிடித்தது அவனுக்குச் செய்த பெரிய உதவி.

இப்போது தேடிப்போய் வெட்டினால் அது பச்சைக் கொலை. ஒரு மாதம் மனதில் வைத்திருந்த கோபத்தைத் 'திடீர் ஆத்திரம்' என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. 103வது பிரிவு, ஆயுள் அல்லது தூக்கு. இப்படிக் கிளம்பிப்போன பையன்களின் அம்மாக்கள் மத்தியச் சிறை வாசலில் மனு போட்டுக் காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் மகனின் கோபத்துக்கு வேறு வேலை இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பாருங்கள். கொடிய ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்ததற்கான 311வது பிரிவு அதில் இருக்கிறதா? அதற்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. வெறும் திருட்டு என்று பதிந்திருந்தால் பிரிவை மாற்றக் கோரி மனு கொடுங்கள். ஜாமீனில் வந்தவன் உங்களை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். கத்தியைப் பற்றி உங்கள் மனைவி சொன்னது வாக்குமூலத்தில் ஏறியிருக்கிறதா என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள். போகும்போது மகனையும் கூட்டிப்போங்கள்.