"புரிஞ்சுதா?"

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணக்கு டீச்சராக எனக்கு இது மூன்றாவது வருடம். தினமும் ராத்திரி உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். முடிவில் "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் "புரிஞ்சுது மிஸ்" என்கிறார்கள். பரீட்சையில் பாதிப் பேர் தசம எண்களில் கோட்டை விடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் "புரிஞ்சுது"வைப் பள்ளிக்காலம் முழுக்க நானும் சொல்லியிருக்கிறேன். புரியவில்லை என்றால் எழுந்து நிற்க வேண்டும். எது புரியவில்லை என்று வேறு சொல்ல வேண்டும். அது தெரிந்திருந்தால் ஏன் முழிக்கப் போகிறேன்?

உங்கள் குறிப்பில் நீங்கள் செய்யப்போவது நிமிட வாரியாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். மணி அடிக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்ய வரவேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். வந்துவிட்டதா என்று காட்டும் கேள்வி அடுத்து. பாடம் நடத்தும் விதத்தை அதற்கப்புறம் யோசிக்கலாம். விக்கின்ஸ், மெக்டை என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1998இல் எழுதிப் பிரபலமாக்கிய வரிசை இது.

கேள்வியில்தான் சூட்சுமம். 0.3, 0.45 இரண்டில் எது பெரியது? 0.45 என்று சரியாகச் சொல்கிற பிள்ளை, 45 மூன்றைவிடப் பெரியது என்ற கணக்கில் சொல்லியிருக்கலாம். கூடவே 0.4, 0.25 என்று கேளுங்கள். அதே பிள்ளை இப்போது 0.25 என்று மாட்டிக்கொள்ளும். இதற்கு நேரெதிர் ரகமும் உண்டு: நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று கேட்டுவிட்டு, இலக்கம் கூடினாலே எண் சிறியது என்று முடிவு கட்டிவிடும். அது முதலாவதில் 0.3 என்று தப்பாகவும் இரண்டாவதில் 0.4 என்று சரியாகவும் சொல்லும். இரண்டில் ஒரு விடை தப்பு என்று இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். குழப்பமோ வேறு வேறு.

கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து இந்த இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். முதல் பெஞ்சு கைதூக்கிகளை மட்டும் கேட்டால் வகுப்பே பாஸான மாதிரிதான் தெரியும். சீட்டுக்கு மார்க் போடாதீர்கள். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மார்க் இல்லாமல், விடையைப் பற்றிய குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்தபின் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

இரண்டும் சரி, 0.25 என்று தவறியவை, 0.3 என்று தவறியவை என்று சீட்டுகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். எந்தக் கட்டு தடிமனோ, மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். 0.25 கட்டு என்றால், ஒரு காகிதப் பட்டையைப் பத்தாக மடித்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கோடு போட்டு, நாலு மடிப்பில் எத்தனை கோடு என்று எண்ணவிடுங்கள். நாற்பது, அது 0.25இன் இருபத்தைந்து கோட்டைவிட அதிகம் என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.