மடியிலேயே உறங்கட்டும்
வாசகர் கேள்விகளுக்கு மயக்க மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை குறித்து எழுதியதைத் தொடர்ந்து, குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. மயக்கத்தைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு மாதம், ஒன்பது கிலோ எடை. குடல் இறக்கத்துக்காக அடுத்த மாதம் நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூத்தவளுக்கு ஒரு மருத்துவமனையில் உதட்டுப் பிளவுக்கு இரண்டாம் முறை அறுவை செய்தபோது, தியேட்டர் வாசலில் என் தோளிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவள் அலறியது கதவு மூடிய பிறகும் கேட்டது. அதன் பின் பல வாரங்கள் இரவில் திடுக்கிட்டு எழுந்தாள். இவனுக்கும் அப்படித்தான் நடக்குமா? குழந்தைகளை மெதுவாக மயங்கவைக்க வழியே இல்லையா?
(ஒரு தாய், தக்கலை)

பதில்: வழி இருக்கிறது, சகோதரி, புதிதாக வந்ததும் அல்ல. உங்கள் மூத்த மகளை அப்படி வாங்கிப்போனவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அன்றைய பட்டியலில் இன்னும் ஆறு பேர் காத்திருந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால், அந்த ஒரு நிமிட அவசரத்துக்கு உங்கள் வீடு எத்தனை இரவுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது தியேட்டருக்குள் இருக்கும் எங்களுக்குத் தெரிவதே இல்லை.

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கதகதப்பாக இருந்தால் யார் கைக்கும் போகும். அதற்குப் பிரிவுக்கென்று மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஏறத்தாழ எட்டு மாதத்தில் வேற்றுமுகம் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு, பச்சைத் துணியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர் கை நீட்டினால் குழந்தை அலறாமல் இருப்பதுதான் அதிசயம். உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். ஆகவே, தியேட்டருக்குள் தரும் முழு மயக்கத்துக்கு முன்பாக, வெளியிலேயே உங்கள் மடியில் வைத்துக் கொடுக்கப்படும் முன்மயக்க மருந்து அவனுக்குப் பொருந்தும்.

இதில் பழகிய மருந்து மிடாசோலம். சிரப்பாக வாயில் கொடுத்தால் இருபது முதல் முப்பது நிமிடத்தில் குழந்தை மந்தமாகி, பிரிவதைப் பொருட்படுத்தாமல் வரும். நடந்ததும் பெரும்பாலும் நினைவில் தங்காது. குறைகளும் உண்டு. கடுமையான கசப்பு என்பதால் பாதியைத் துப்பிவிடும் குழந்தைகள் உண்டு. மூக்கில் விட்டால் எரியும். சிலருக்கு அமைதிக்குப் பதிலாக எரிச்சலும் முரட்டுத்தனமும் வரும். அந்தக் குழந்தைகளைச் சமாளிப்பதைவிட மருந்தே கொடுக்காத குழந்தையைச் சமாளிப்பது எளிது.

நான் இப்போது கூடுதலாக விரும்புவது டெக்ஸ்மெடிடோமிடின். இதற்கு நிறமும் மணமும் எரிச்சலும் இல்லை. ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, பாதியை ஒரு மூக்குத் துளையிலும் மீதியை மற்றதிலும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உங்கள் மகனின் எடைக்கு மொத்தமே கால் மில்லிக்கும் குறைவாகத்தான் வரும். குழந்தை மூக்கைச் சுருக்கி, ஒரு முறை தும்மி, உங்கள் தாலிச் சரட்டைப் பிடித்து விளையாடத் தொடங்கும். பத்து நிமிடம் எதுவும் நடக்காது. மருந்து வேலை செய்யவில்லை என்று தாய்மார் என்னைக் கூப்பிடுவது அப்போதுதான். பிறகு, விளையாட்டின் நடுவே விரல்கள் தளரும், தலை தோளில் சாயும். முப்பது, நாற்பது நிமிடத்தில் சரட்டைப் பிடித்த கை தானாக விழுந்துவிடும். இயல்பான உறக்கத்தைப் போன்ற நிலைதான் அது. தட்டினால் கண் விழிக்கும், விட்டால் மறுபடி உறங்கிவிடும். மூச்சை மிகக் குறைவாகவே பாதிக்கிறது என்பது இதன் பெரிய நன்மை. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறையும் என்பதால், மருந்து விட்ட நிமிடத்திலிருந்து விரலிலோ கால் பெருவிரலிலோ பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி, ஒரு செவிலியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்து விட்டபின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் உலவக் கூடாது.

இந்த மருந்து முதலில் அனுமதி பெற்றது தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள பெரியவர்களுக்காக, 1999-இல், அமெரிக்காவில். குழந்தைகளின் மூக்கில் விடுவது அதன் பின் ஆய்வுகளாலும் அனுபவத்தாலும் வளர்ந்த வழக்கம். உங்கள் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் தவறில்லை. இவற்றின் அளவுகளை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. எடையை வைத்து மைக்ரோகிராமில் கணக்கிடும் மருந்தின் அளவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட எனக்கு விருப்பமில்லை.

உள்ளே போனபிறகும் ஊசியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஹாலோத்தேன் வாயு இருந்தது. இப்போது பெரும்பாலும் செவோஃப்ளூரேன். நெடி உறுத்தாது, சுவாசிக்கச் சற்று இனிப்பாக இருக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் குழந்தை உறங்கிவிடும். கைந்நரம்பில் டிரிப் ஊசி போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ரப்பர் முகமூடியை முகத்தில் அழுத்தினால் உறங்குகிற குழந்தையும் விழித்துவிடும் என்பதால், நான் குழாயை விரல்களுக்கிடையே பிடித்து, உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துக் கன்னத்தருகே வைப்பேன். கையின் சூட்டைக் குழந்தை எதிர்ப்பதில்லை. கண் செருகியபின்தான் முகமூடியை முகத்தில் வைப்பேன். சிகிச்சைக்குப் பிந்திய வலிக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் கீழ்ப்பகுதியில் மரத்துப்போகும் மருந்து செலுத்துவது வழக்கம், காடல் என்பார்கள். குடல் இறக்கத்துக்கு அது மிகவும் ஏற்றது. ‘முதுகில் ஊசி போட்டால் நடக்க மாட்டான்’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம்.

குறட்டை விட்டு மூச்சுத் திணறி உறங்கும் குழந்தைகளுக்கும், முகத்தாடை அமைப்பால் மூச்சுப்பாதை குறுகியவர்களுக்கும், குறைமாதத்தில் பிறந்து இன்னும் தேறாதவர்களுக்கும் முன்மயக்க மருந்து பொதுவாகப் பொருந்தாது. இவற்றில் ஏதேனும் உங்கள் மகனுக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள். சில வாரங்கள் தள்ளிவைப்பது நட்டமல்ல.

இதையெல்லாம் மாவட்டத்தில் செய்வார்களா என்பது உங்கள் கடிதத்தில் எழுதப்படாத கேள்வி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையானாலும், திருவனந்தபுரத்துக்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். நான் சொன்ன மருந்துகள் அரிய சரக்குகள் அல்ல. இல்லாமல் போவது பெரும்பாலும் மருந்தல்ல, நாற்பது நிமிடம். மூக்கில் விட்ட மருந்து வேலை செய்ய அந்த நாற்பது நிமிடம் வேண்டும். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தபிறகு கொடுத்தால் பயனில்லை. ஆகவே, முந்தைய நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போதே, ‘என் மடியில் வைத்து மருந்து கொடுக்க முடியுமா, எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள்’ என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள். எழுதியது நடக்கும், வாயால் சொன்னது காலைப் பரபரப்பில் மறந்துபோகும்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குவதற்காக ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் உரைமருந்தில்தான் வளர்ந்தார்கள்.
(ஒரு பாட்டி, திருவட்டாறு)

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் மாமரத்தடியிலோ ரப்பர் தோட்டத்து ஓரத்திலோ ஜாதிக்காய் காய்த்துக் கிடக்கலாம். அதனாலேயே அது சாதாரணப் பொருளாகிவிடாது. உறக்கம் வரவழைக்கும் எதுவும் மருந்துதான். கல்லில் எத்தனை உரசு உரசினோம் என்பது ஒவ்வொரு கைக்கும் மாறும். அதன் மயக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதன்மேல் நாங்கள் எடைபார்த்துக் கொடுக்கும் மருந்தும் சேர்ந்தால் கணக்குத் தவறிவிடும். வசம்பு, மாசிக்காய் எல்லாவற்றையும் அந்த வாரம் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். நான் இதுவரை ஒரு பாட்டியையும் திட்டியதில்லை. சொல்லாமல் விட்டவர்களை நினைத்துத்தான் பயந்திருக்கிறேன். கடைகளில் விற்கும் இருமல் சிரப்பைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் இதே கணக்குதான்.

கேள்வி: எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும்? தாய்ப்பால் குடிக்கும் குழந்தை.
(ஒரு தந்தை, குளச்சல்)

பதில்: பரவலாகப் பின்பற்றும் கணக்கு 6, 4, 2. கூழ், குறுக்கு (மாவைக் கெட்டியாகக் காய்ச்சி ஊட்டும் குழந்தை உணவு), பால்பொடி, பசும்பால் ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தெளிந்த நீருக்கு இரண்டு. ஏத்தங்காய்ப் பொடிக் குறுக்கு கட்டாயம் ஆறு மணிக் கணக்கில் வரும். கஞ்சித் தண்ணீர் பார்வைக்கு நீராக இருந்தாலும் தெளிந்த நீர் அல்ல. சர்க்கரை கரைத்த தண்ணீர் தெளிந்த நீர். ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் தெளிந்த நீருக்கு ஒரு மணி நேரமே போதும் என்று குறைத்துவிட்டன. நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டும் கூடாது என்று கைக்குழந்தையை உலர்த்துவது பழைய முறை. பசித்த குழந்தையை எந்த மருந்தும் மென்மையாக உறங்கவைக்காது. ஆகவே, பட்டியலில் உங்கள் குழந்தையை முதல் ஆளாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மயக்க மருந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று படித்தேன். எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகளுக்கு இப்போது மூன்று மாதம். குடல் இறக்கத்துக்கு உடனே அறுவை வேண்டும் என்கிறார்கள். மயக்கமே கொடுக்காமல் செய்ய முடியாதா? அவ்வளவு சிறிய குழந்தைக்கு வலி தெரியுமா?
(ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்)

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வலி தெரியும். பச்சைப்பிள்ளைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை பாமரரிடம் மட்டும் இருக்கவில்லை. 1980-கள் வரை மருத்துவ உலகிலேயே இருந்தது. குறைமாதக் குழந்தைகளை அசையாமல் வைக்கும் மருந்தும் சிறிதளவு வாயுவும் மட்டும் கொடுத்து இதய அறுவை செய்த காலம் அது. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கே. ஜே. எஸ். ஆனந்தும் அவருடன் பணியாற்றியவர்களும், போதிய வலி மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையை நன்றாகத் தாங்கிக்கொள்கிறது, சிக்கல்களும் குறைகின்றன என்று 1987-இல் காட்டினார்கள். இன்றைய எங்கள் முறைகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

மூளை பற்றிய அச்சத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. விலங்குகளில் செய்த ஆய்வுகள் கவலை தந்ததால், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்கம் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியதைப் போன்ற ஒற்றைக் குறுகிய அறுவையைப் பற்றி நல்ல ஆய்வு இருக்கிறது. ஏழு நாடுகளில், குடல் இறக்க அறுவைக்கு வந்த 722 சிறு குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் செவோஃப்ளூரேனும் மீதிப் பேருக்கு விழித்த நிலையில் முதுகில் மரத்துப்போகும் மருந்தும் கொடுத்தார்கள். ஐந்து வயதில் சோதித்தபோது இரு பிரிவினரின் அறிவுத்திறன் சராசரிக்கும் இடையே ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. அந்த முடிவு வெளியானது 2019-இல். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இறங்கிய குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து மிகக் கூடுதல்; மூளையை நினைத்துத் தள்ளிப்போட்டால் குடலை இழக்க நேரலாம்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் யோசிப்பது அந்த முதுகு முறையைத்தான். 1909-இலேயே லண்டனில் டிரெல் கிரே என்பவர் குழந்தைகளுக்கு இதைச் செய்து எழுதியிருக்கிறார். இடையில் மறக்கப்பட்டு, குறைமாதக் குழந்தைகளுக்காக மறுபடி கையில் எடுக்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகள் முழு மயக்கத்துக்குப் பின் சில மணி நேரம் கழித்து மூச்சு விட மறந்துபோவதுண்டு. முதுகு ஊசியில் அந்த ஆபத்து, குறிப்பாக முதல் அரை மணி நேரத்தில், குறைகிறது. ஊசி போட்ட சிறிது நேரத்தில் கால்கள் அசைவற்றுப்போகும். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சப்பக் கொடுத்தால், வேறு மயக்க மருந்தே இல்லாமல் பல குழந்தைகள் உறங்கிவிடும். கால்களிலிருந்து செய்தி வராதபோது மூளையும் ஓய்ந்துபோகிறது என்பது நாங்கள் தரும் விளக்கம். ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்பதால் அறுவை மருத்துவரின் கை வேகமாக இருக்க வேண்டும். மயக்க மருத்துவருக்கும் கைப்பழக்கம் வேண்டும். இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. எந்த முறையில் செய்தாலும் அன்றிரவு மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் வைக்கக் கேளுங்கள். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகள் மயக்கம் தெளிந்ததும் என்னைக்கூட அடையாளம் தெரியாமல் கத்தி, கால்களை உதறினாள். மருந்து தவறிவிட்டதா? இன்னொரு அறுவை பாக்கி இருக்கிறது.
(ஒரு தாய், அருமனை)

பதில்: தவறவில்லை. செவோஃப்ளூரேனிலிருந்து விழிக்கும் சிறு குழந்தைகளிடம் இதை அடிக்கடி காண்கிறோம். உடல் விழித்து, மனம் இன்னும் விழிக்காத நிலை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கும், அவளுக்கு நினைவிருக்காது. முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன மூக்குச் சொட்டு மருந்து இந்தக் கலவரத்தையும் குறைக்கிறது என்பதால், அடுத்த முறை மயக்க மருத்துவரிடம் முதல் அனுபவத்தை விவரமாகச் சொல்லுங்கள். விழிக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். வீட்டில் அவள் தூங்கும் பழைய சேலைத் துணியையும் எடுத்துவாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அதைத் துவைத்துவிடாதீர்கள். வேண்டியது அதிலுள்ள மணம்தான்.