28-வது கிலோமீட்டரில் வயிறு புரட்டியது ஏன்?

42 கிலோமீட்டர் மாரத்தானுக்கு நாலரை மணி நேர இலக்கு, முதல் 10-ல் கிலோமீட்டருக்கு 5:40 (5 நிமிடம் 40 விநாடி) வேகம், 28-ல் இரண்டு ஜெல் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ் பாக்கெட்), கூடவே ஸ்போர்ட்ஸ் டிரிங்க், உடனே குமட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெல் மேல் பழி போடாதீர்கள், சிக்கல் தொடக்கத்திலேயே இருக்கிறது.

நாலரை மணிக்குக் கணக்கு கிலோமீட்டருக்கு 6:24. நீங்கள் 44 விநாடி கூடுதல் வேகத்தில் போனீர்கள். அந்த வேகத்தில் ரத்தம் தசைக்குப் போய்விடும், குடலுக்குக் குறையும். அந்த நிலையில் ஜெல்லும் இனிப்புப் பானமும் சேர்ந்து இறங்கினால் சர்க்கரைச் செறிவு எகிறி, வயிறு காலியாகாமல் தேங்கும். குமட்டாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை முதல் 3 கிலோமீட்டரை 6:35-ல் ஓடுங்கள். கூட்டம் முந்தும், முந்தட்டும். முதல் ஜெல் 40-வது நிமிடத்தில், பிறகு 35 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் சாதாரணத் தண்ணீர் நாலைந்து மடக்கு. தண்ணீர் மேசை கண்ணில் பட்டதும் ஜெல்லைப் பிரித்தால் நேரம் சரியாக இருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். பயிற்சியில் பழகாத பிராண்டைத் தொடவே வேண்டாம்.

பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் தவறு. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது குமட்டலைவிட ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்தைச் சோதிக்கும்.

புது ஷூவா? குறைந்தது ஒரு நீண்ட ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழையதே போதும்.